கால்விரலைக் கொண்டு கல்லூரி பார்த்தவன்

அன்புள்ள மகளுக்கு,

நலமா என்று கேட்டு எழுதவேண்டிய தூரத்துக்கு நீ இன்னும் போகவில்லை. அடுத்த அறையில்தான் இருக்கிறாய். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. சத்தம் நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று விளங்குகிறது. எழுந்து வந்து நாலு வார்த்தை சொல்லிவிடலாம். மூன்று நாளாக எழுந்தும் வந்தேன். கதவடியில் நின்று, "தேத்தண்ணி குடிச்சனியோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். நீயும் ஒவ்வொரு தரமும் "ஓம் அப்பா" என்றாய். மூன்றாம் தரம் மட்டும் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாய். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் கடதாசியை எடுத்தேன். வாழ்நாளில் பாதிக்கு மேல் தபால் கந்தோரில் கழித்தவன் நான். வாயால் வராதது கடிதத்தில் வரும் என்று நினைத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். உறையை ஒட்டாமல்தான் தருவேன். நீ வாசித்த பிறகு உன் தாதியர் கல்லூரியை நடத்துகிற மேற்றன் அம்மா வாசிக்கட்டும், உன் அம்மா வாசிக்கட்டும், உன்னைக் கட்டப்போகிறவரும் வாசிக்கட்டும். ஒளித்து எழுதிய ஒரு கடிதத்தால் வந்த வினை இது. இதையாவது திறந்து எழுதவேண்டும்.

போன கிழமை வந்த மொட்டைக் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். உனக்கு வட்டுக்கோட்டை வாத்தியாரைப் பேசி முற்றாக்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, பெயரில்லாத கடிதம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வேறு தொடுப்பு இருக்கிறதாம், தாய்க்காரி பொல்லாதவளாம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டாள். நான் உடனே உறையைத் திருப்பி எந்தக் கந்தோர் முத்திரை குத்தியிருக்கிறது என்று பார்த்தேன். நீ நின்றபடியே முழுவதையும் வாசித்தாய். முகம் மாறவில்லை. மடித்து என் கையில் தந்து, "அப்பா, நீங்களே வைச்சிருங்கோ. எழுதினவர் பேர் போட்டு எழுதினால் பிறகு விசாரிப்பம்" என்றாய். நான் அதை வாங்கிக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தேன். கோபத்தில் செய்கிறேன் என்று அம்மா நினைத்தாள். கோபமில்லை, மகளே. அப்படி ஒரு கடிதத்தை நானும் எழுதியிருக்கிறேன். நீ சேருவதற்கு முந்திய வருடம் உன் தாதியர் கல்லூரியை இழுத்து மூடப் பார்த்ததே ஒரு மொட்டைக் கடிதம், அதை எழுதியது நான். இதை அறிந்த பிறகும் நீ என்னை முன்போல் அப்பா என்று கூப்பிடுவாயா என்ற பயத்தில்தான் மூன்று நாளாகக் கதவடியில் நிற்கிறேன்.

என் குணம் உனக்குத் தெரியும், ஆனாலும் வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எதையும் இலேசில் நம்புகிறவன் இல்லை. உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போவதற்கு முன், அவள் வீட்டுக்கு எதிரேயுள்ள கடையில் மூன்று நாள் தேத்தண்ணி குடித்தேன். வீட்டில் சண்டைச் சத்தம் கேட்கிறதா, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்தேன். கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவேயில்லை. "முதல் நாளே வேலியாலை கண்டனான். ஆரோ வேலைவெட்டி இல்லாத மனுசன் எண்டு நினைச்சன்" என்றாள். கந்தோர் வேலை இந்தக் குணத்துக்குத் தண்ணீர் ஊற்றியது. மொட்டைக் கடிதத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். அனுப்பியவர் பெயர் இராது, எழுத்து அச்சுக் குத்தின மாதிரி இருக்கும், எழுதியவன் தன் ஊரில் போடாமல் பக்கத்து ஊரில் போட்டிருப்பான். நம்மூரில் எத்தனை கலியாணம் அந்த உறைகளால் குழம்பியது என்று எனக்குத் தெரியும். முத்திரை குத்தும்போது, "உவங்கடை கை அழுகிப் போகாதோ" என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொல்லுவேன்.

எனக்கு நல்ல பெயர் தருகிற கதை ஒன்றுதான் இருக்கிறது. அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நாலாம் வகுப்பில் நீ விளாத்தி மரத்தால் விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டாய். பரியாரியார் பத்துப்போட்டுக் கட்டினார். கை நோவுக்கு நீ அழவில்லை, எழுத முடியாதென்று அழுதாய். அன்று பின்னேரம் என் வலக்கையையும் துவாயால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உன் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் இடக்கையால் எழுதினோம். என் எழுத்தெல்லாம் கள்ளுக் குடித்தவன் மாதிரி இடப்பக்கம் சாய்ந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கட்டவிழ்க்கும் வரை ஒவ்வொரு நாளும் அப்படி எழுதினோம். கடைசியில் உன்னைவிட எனக்கே அது நன்றாக வந்தது.

இனி எண்பத்தொன்பதாம் ஆண்டுக்கு வருகிறேன். நீ ஏ.எல். சோதினை எழுதி, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சப் புள்ளி காணாமல், "நான் நேர்சாகப் போறன்" என்று நின்ற காலம். இந்திய ஆமியின் சென்றிக் காவல்களைத் தாண்டிப் பட்டினம் போய்வரவேண்டிய நாட்கள் அவை. நான் ஒரு கொப்பி வாங்கி நாலு பத்தி கீறினேன். முதலாவது, பெரியாஸ்பத்திரியோடு இருக்கிற அரசாங்கப் பயிற்சிப் பள்ளி. இரண்டாவது, மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த பயிற்சி. மூன்றாவது, தட்டெழுத்தும் கணக்கும் படிப்பிக்கிற தொழில்நுட்பக் கல்லூரி. அது நீ கேட்காதது, நானாகச் சேர்த்துக்கொண்டது. நாலாவது, குருநகர்ப் பக்கம் ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துப் புதிதாகத் தொடங்கியிருந்த தனியார் தாதியர் கல்லூரி. நீ கேட்டது அதைத்தான். உன் சிநேகிதி ஒருத்தி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து உனக்கு ஆசை மூட்டியிருந்தாள்.

நாலையும் நான் மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி விசாரித்தேன். அதைத் தவிர வேறு முறை எனக்குத் தெரியாது. அரசாங்கப் பள்ளிக்கு விண்ணப்பம் கொழும்புக்குப் போய்வர வேண்டும். தபால் எத்தனை கை மாறுகிறது என்று தெரிந்தவனுக்கு அதில் நம்பிக்கை எப்படி வரும்? மிஷன் ஆஸ்பத்திரியில் ஒழுங்கு, துப்புரவு எல்லாம் சரி, ஆனால் உன்னைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். அம்மா, "மாறினால் மாறட்டும், உங்களைப் போலை மாறாமல் இருந்தால் காணும்" என்றாள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். இருந்த கந்தோர்களே பூட்டிக் கிடந்தன, ஆட்களைக் காட்ட அவர்களால் முடியவில்லை. நாலாவதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். சான்றிதழ் செல்லுமா என்று கேட்டுக் கொழும்புக்குப் பதிவுத்தபால் போட்டேன், பதில் இல்லை. நடத்துகிற மேற்றன் அம்மா வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இருபது வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவராம். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கால் உள்ளவன் எல்லாம் வெளியே ஓடுகிறான், இவர் ஏன் உள்ளே வந்தார்? அங்கே ஏதாவது பிழை செய்ததால் வேலையிலிருந்து கலைத்திருப்பார்கள் என்று நானாகவே முடிவுகட்டினேன். இன்னொன்றும் இருந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். அவர் குருநகரில் கடலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்துப் பெண். நாங்கள் தென்மராட்சியில் வயல் கமம் செய்கிற சைவக்காரர். கடற்கரைப் பெண் ஒருத்தியிடம் என் பிள்ளை கைகட்டி நின்று படிப்பதா என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அதற்கும் சந்தேகம் என்றுதான் அப்போது பெயர் வைத்தேன். அது திமிர்.

அந்த நேரம் பார்த்து என் இடதுகால் சுண்டுவிரலில் ஒரு புண். செருப்புக் கடித்து வந்தது, ஆறாமல் நின்றது. கொப்பியில் எழுதியதெல்லாம் பிறர் சொன்ன கதை. கண்ணால் பார்க்க இந்தப் புண்ணைவிட நல்ல வழி கிடையாது என்று எனக்குப் பட்டது. பயிற்சிப் பிள்ளைகள் எந்த இடத்தில் நன்றாக மருந்து கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டால் போதாதா? அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நீளமான வரிசை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பயிற்சிப் பிள்ளை ஊதா மருந்து பூசிக் கட்டினாள். கை சுத்தம், வேகமும் அப்படி. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மிஷன் ஆஸ்பத்திரி. பஸ்சிலேயே முதல் கட்டை அவிழ்த்துவிட்டேன். அங்கே ஒரு பிள்ளை செபம் சொல்லிவிட்டு மஞ்சள் மருந்து வைத்து, கண்ணாடிப் பொருளைச் சுற்றுகிற பக்குவத்தில் கட்டினாள். அதையும் எழுதிக்கொண்டேன். புதன்கிழமை குருநகர்.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் காலை வேளையில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கட்டுவார்கள். வாங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பெரும்பாலும் கடற்கரைச் சனம். மூலையில் ஒரு கட்டிலில் துணியால் செய்த நோயாளி சாரம் உடுத்திப் படுத்திருந்தது, பிள்ளைகள் பழகுவதற்கு. இதுதான் கல்லூரியா என்று மனதுக்குள் நக்கல் அடித்தேன். பெயர் கேட்டார்கள். பொய்ப் பெயர் சொல்லி, ஊர் கொடிகாமம் என்றேன். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும், காங்கேசன்துறையிலிருந்து வந்து படிக்கிற ஒரு பிள்ளை என் காலைத் தன் முழங்காலில் எடுத்து வைத்துக் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் மருந்தை எடுக்கவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, "மேற்றன், இந்த ஒரு விரலிலை ரண்டு ஆசுப்பத்திரி இருக்கு" என்றாள். ஓரத்தில் ஊதா, நடுவில் மஞ்சள். வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மேற்றன் அம்மா வந்தார். அவிழ்த்த கட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த கொப்பியையும் பார்த்தார். "ஐயா, புண்ணை ஆத்த வந்தனீங்களோ, எங்களுக்குச் சோதினை வைக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். சனம் சிரித்தது. நான் ஏதோ உளறினேன். அவர் என்னை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பினார். "வருத்தக்காரர் சொல்லுறதை நம்பிப்போட்டு நிக்காதேங்கோ. ஏன் ஆறேல்லை எண்டு பாருங்கோ" என்றார். காங்கேசன்துறைப் பிள்ளை சிறுநீருக்கு ஒரு சின்னப் போத்தலை நீட்டி என்னைப் பின்பக்கம் அனுப்பினாள். வந்ததும் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, நீல மருந்தில் என் சலத்தைச் சில துளி விட்டுக் காய்ச்சினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கட்டி நிறத்தில் நின்றது. "ஐயாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு. நாளைக்கும் வாங்கோ, டொக்டரிட்டைத் துண்டு தாறம்" என்றாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. உண்மையான கவலையோடுதான் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து நான் கொப்பியில் எழுதியிருக்க வேண்டியது ஒரு வரிதான்: நாலில் இதுவே நல்லது. அதற்குப் பதில், எனக்கு இல்லாத சீனியைக் கண்டுபிடித்துக் கதை கட்டுகிறார்கள் என்று எழுதினேன்.

அடுத்த நாள் போகவில்லை. கடற்கரைச் சனத்துக்கு நடுவில் ஒரு பெண் என்னை வைத்துச் சிரிக்கப்பண்ணினாளே என்று நெஞ்சு எரிந்தது. மூன்றாம் நாள் நீ கந்தோருக்கு வந்து, "அப்பா, விண்ணப்பப் பத்திரம் எடுத்துக்கொண்டு வந்திட்டன்" என்று அந்தக் கல்லூரியின் தாளைக் காட்டினாய். அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கந்தோர் மேசையில் இருந்து எழுதினேன். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளைத் தன் தனியார் ஆஸ்பத்திரி வாட்டில் பழக விட்டிருந்த ஒரு டொக்டருக்கு. என் கையெழுத்துப் பலருக்குத் தெரியும், ஆகையால் இடக்கையால் எழுதினேன். மேற்றனை வெளிநாட்டில் வேலையிலிருந்து கலைத்தவர்கள் என்று எழுதினேன். சான்றிதழ் குப்பைக்கு என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். பின்னேரங்களில் வாலிபர்கள் சைக்கிளில் அந்த வீட்டுக்கு வந்துபோகிறார்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். நான் அங்கே கண்டது ஒரேயொரு சைக்கிள், அது ரொட்டி விற்கிற பாண்காரனுடையது. பிறகு லீவு போட்டு, பஸ் ஏறி, வட்டுக்கோட்டைக்குப் போய், அந்த ஊர்ப் பழைய கல்லூரிக்குக் கிட்ட உள்ள தபால் பெட்டியில் போட்டேன். நீ வாழப்போகிற ஊர் அது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்புப் பெட்டியைத் தாண்டித்தான் நீ போவாய்.

நடந்ததை நீ அறிவாய். டொக்டர் வாட்டுக் கதவைப் பூட்டினார். கடிதம் பலர் கைக்குப் போனது. சைக்கிள் பற்றிய வரிதான் வேலை செய்தது. பெற்றார் வந்து வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காங்கேசன்துறைப் பிள்ளையின் தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், முதலில் வந்தது அவர்தானாம். சில மாதத்தில் அவளைச் சொந்தத்துக்குள் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொன்னாய். நீ சேர்ந்த புதிதில் ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, "எங்கடை கல்லூரியிலை வலு கெட்டிக்காரி ஒருத்தி இருந்தவவாம். ஒரு மொட்டைக் கடிதத்தாலை படிப்பை விட்டவவாம்" என்றாய். நான் குனிந்து குழைத்துக்கொண்டிருந்தேன். நீ இன்னொரு அகப்பை சோறு போட்டாய்.

நான் விண்ணப்பிக்க வைத்த அரசாங்கப் பள்ளியிலிருந்து கூப்பிடுகிற கடிதம் வரவேயில்லை. நீ பட்டினி கிடந்து பிடிவாதமாக நின்று, தொண்ணூறு தொடக்கத்தில் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தாய். சேர்க்க அம்மாதான் வந்தாள். எனக்குக் கால் நோவு என்று சொல்லிவிட்டேன். பொய்யுமில்லை. அதற்குள் அந்தச் சுண்டுவிரலை வெட்டி எடுத்துவிட்டார்கள், சீனிதான், அந்த நீரிழிவுதான், காரணம். அந்த வருடமே சண்டை திரும்பவும் தொடங்க, பட்டினத்தை விட்டுக் கல்லூரி இங்கே சாவகச்சேரிக்கு வந்தது. நீங்கள் பாயும் போத்தலும் சுமந்து வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் ஆள் காணாத நேரம் நீங்கள்தான் நின்றீர்கள். நான் சந்தைக்குப் போகும்போது உங்கள் கல்லூரி வாசலைத் தவிர்த்துச் சுற்றுப் பாதையால் போவேன். நாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நீ என் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் பார்த்து, நகம் வெட்டிவிட்டாய். ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைத்தேன். நாளைக்கு மேற்றன் அம்மாவுக்கு உன் கலியாணக் காட் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அவரிடம் முதலில் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். போனேன். வாசலில் என்னைக் கண்டதும் மேற்றன் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வாங்கோ, கொடிகாமத்து ஐயா" என்றார். அந்தப் பொய் ஊரை ஐந்து வருடமாக ஞாபகம் வைத்திருந்தார். நான் காட்டை நீட்டவில்லை. நின்றபடியே, "மேற்றன் அம்மா, அந்தக் கடிதத்தை எழுதினது நான்" என்றேன். அவர் கதிரையைக் காட்டினார்.

"தெரியும். இருங்கோ."

"எப்பிடி?"

"எல்லா வருசமும் முதல் நாள் வாற பிள்ளையளுக்கு நான் டொக்டர் தந்த உந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்டுறனான். எங்களைப் பற்றி உலகம் என்ன கதைக்குது எண்டு தெரிஞ்சுகொண்டு படிக்கட்டும், பயந்தவை போகட்டும் எண்டு. உங்கடை மகள் சேர்ந்த அண்டைக்கும் வாசிச்சு, கையாலை கைக்குக் குடுத்தனான். எல்லாரும் போனாப் பிறகு அவ மட்டும் நிண்டவ. 'மேற்றன், உது என்ரை அப்பான்ரை இடக்கை' எண்டு சொன்னவ. சீனியாலை அப்பான்ரை சுண்டுவிரலை வெட்டினதையும் சொல்ல, கொடிகாமத்து ஐயா ஆரெண்டு எனக்கு விளங்கிச்சுது."

துவாயால் கையைக் கட்டிக்கொண்டு உனக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பின்னேரங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. எல்லாரையும் ஏமாற்றும் என்று நினைத்து நான் எழுதிய எழுத்து அது. உலகத்தில் அதை அறிந்த ஒரேயொரு ஆள் நீ. அந்தக் கதிரையில் இருந்து அழுதேன். பிள்ளைகள் பாயில் இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?" என்று கேட்டேன்.

"நானும் அவவிட்டை அதைக் கேட்டனான். 'உந்த மனுசனை மன்னிச்சுப்போட்டன் எண்டு சொன்னாலும் நம்பாது மேற்றன், ஏன் மன்னிச்சவள் எண்டு ஊரெல்லாம் விசாரிச்சுக்கொண்டு திரியும்' எண்டவ. 'அதைவிட அந்தக் காலைக் கழுவிவிடுறது சுகம்' எண்டவ."

காங்கேசன்துறைப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். மேற்றன் அம்மாவின் முகம் மாறியது. "தொண்ணூறிலை அந்தப் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்ததோடை அவளிட்டையிருந்து கடிதம் இல்லை ஐயா. எனக்குச் செய்ததை நான் எப்பவோ விட்டிட்டன். அவளுக்குச் செய்ததை நான் விடேலாது. அது அவள் சொல்லவேண்டியது" என்றார். பிறகு ஒரு துண்டில் அவள் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதித் தந்தார். காங்கேசன்துறைச் சனம் கொஞ்சம் வட்டுக்கோட்டைப் பக்கத்து அகதி முகாம்களில் இருக்கிறது என்றும் சொன்னார்.

ஆகையால், மகளே, கலியாணம் முடிந்து நீ போன பிறகு நான் அடிக்கடி வட்டுக்கோட்டைக்கு வருவேன். மகளை வேவு பார்க்க வருகிறார் என்று உன் மாமியார் நினைத்தால் இந்தக் கடிதத்தை அவவிடமும் கொடு. முகாம் முகாமாகப் போய் விசாரிக்கப் போகிறேன். தேத்தண்ணிக் கடையில் மூன்று நாள் இருந்து பழகியவன், இதற்கு எத்தனை நாளும் இருப்பேன். அவள் கிடைத்தால் என் காலைக் காட்டுவேன். 'சீனி என்று நீ சொன்னது சரி, பிள்ளை' என்று அவளிடம் முதலில் சொல்வேன், மிச்சத்தைப் பிறகு. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அவள் விரும்பினால் திரும்பவும் படிக்கலாம் என்று மேற்றன் அம்மா சொல்லிவிட்டார். அவள் புருசனிடம் கதைக்க நீயும் என்னோடு வரவேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது வேண்டாமா? புண்ணைச் சந்தேகப்படு, தண்ணீரைச் சந்தேகப்படு, "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்கிற வருத்தக்காரனைச் சந்தேகப்படு. அதற்குத்தான் உன்னைப் படிப்பித்திருக்கிறார்கள், என்னிடமிருந்தும் கொஞ்சம் வந்திருக்கும். உன் புருசனில் உனக்கு ஏதாவது பட்டால் அவரிடமே கேள். எதிர்க் கடையில் போய் இருந்து பார்க்காதே. மாப்பிள்ளையைப் பற்றி வந்த மொட்டைக் கடிதத்தைக் காலையில் அடுப்பில் வைத்தேன். முத்திரையை இரண்டாம் தரம் பார்க்கவில்லை. பார்க்க ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

என்னை நீ மன்னித்துவிட்டாய் என்று மேற்றன் அம்மா சொன்னார். நான் இன்னும் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை. நம்புகிறேன், பிள்ளை. நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்த்துவிட்டு நம்புகிறேன். மேற்றன் அம்மா இனி வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது இதையும் வாசிக்கட்டும். மெஷின் சத்தம் நின்று கொஞ்ச நேரமாகிறது. நூல் அறுந்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உன் கையில் தரப்போகிறேன். உறையின் பின்புறம் என் பெயரையும் விலாசத்தையும் முழுதாக எழுதியிருக்கிறேன்.

வலது கையால்,
உன் அப்பா